யார் வைத்த தீ?

"மெதுவாப் போங்க, எனக்கு மூச்சு வாங்குது!" என்று பின்னாலிருந்து மனைவி லீலா கத்தினாள். அருணாச்சலம் காதில் வாங்கவில்லை. காலனியே கண் வைத்த அவனுடைய புது கியர் சைக்கிள், கருகிக் கிடந்த பாதையில் சாம்பலைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தது.

வேலைக்காக அவர்கள் வந்து குடியேறிய நிக்டியில், காலனிக்குப் பின்னால் இருந்த குன்று முந்தின நாள் சாயங்காலம் பற்றி எரிந்திருந்தது. மார்ச் மாதத்துக் காய்ந்த புல், கேட்க வேண்டுமா? தீ வைத்தவன் சிக்கினால் ஜெயில்தான், வேலையும் போய்விடும் என்று காலனி முழுக்க ஒரே பேச்சு.

தீ பிடிப்பதற்குச் சற்று முன்னால், அதே குன்றில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து அருணாச்சலம் சிகரெட் பிடித்திருந்தான். மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்து, எப்போதோ விட்டுவிட்டதாகப் பேர் பண்ணிய சிகரெட். துண்டை அணைத்தானா, அப்படியே வீசினானா? ராத்திரி முழுக்கப் புரண்டும் ஞாபகம் வரவில்லை.

விடிந்ததும் சத்தம் காட்டாமல் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால், "நானும் வர்றேன்" என்று மகளின் பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள் லீலா. கோயிலுக்குக்கூட ஆட்டோ கேட்கிறவள்! மோப்பம் பிடித்துவிட்டாளோ என்று அவன் ஓரக்கண்ணால் பார்த்தான்.

"யாருன்னு கண்டுபிடிச்சிருப்பாங்களாங்க?" என்று கேட்டாள்.

"எனக்கெப்படித் தெரியும்? பேசாம வா!"

மூன்று பாதைகள் சேரும் இடத்தில் வனத்துறைக் காவலர் லத்தியோடு நின்றிருந்தார். காக்கியைக் கண்டதும் அருணாச்சலம் பிரேக்கைப் பிடித்தான். இறங்கினால் கேள்வி கேட்பார், இறங்காவிட்டால் சந்தேகம் வரும். இறங்கினான்.

"கஹாங் ஜா ரஹே ஹோ?" எங்கே போகிறீர்கள் என்று காவலர் மறித்தார்.

"பஸ்... தேக்னே ஆயே, ஸாப்." சும்மா பார்க்க வந்தோம் என்று அருணாச்சலம் சமாளித்தான்.

வேறு ஆள் கிடைக்காமல் இருந்த காவலர், இந்தியில் கொட்டித் தீர்த்தார். தீ ஆரம்பித்தது சரியாக இந்த இடத்தில்தானாம். இங்கிருந்து வலப்பக்கமாகவே காற்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறதாம். ஆள் மட்டும் கையில் கிடைத்தால் தோலை உரித்துவிடுவாராம்.

அருணாச்சலம் பயந்துகொண்டே இடப்பக்கம் பார்த்தான். மேட்டில் அவன் உட்கார்ந்த பாறை தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு புல்கூடக் கருகவில்லை.

அவன் இல்லை! போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் குரலும் வந்துவிட்டது.

"பாத்தியா லீலா, எவனோ அறிவு கெட்டவன் பண்ணின வேலை! இவனையெல்லாம் பிடிச்சு உள்ள போட்டாத்தான் புத்தி வரும்."

திரும்பிப் பார்த்தான். லீலா முகம் வெளுத்து, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

காவலருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க புது சைக்கிளுக்குத் திருஷ்டி சுத்தி, நேத்து இங்கதான் கற்பூரம் ஏத்தி வச்சேன்... திரும்பிப் பாக்கக் கூடாதேன்னு, பாக்காமலே வந்துட்டேங்க!"