லாரிக்கு அடியில் ஒருவன்

"கிரீ...ச்."

குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த ஆட்ரியின் கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, கொல்லைச் சுவருக்குப் பின்னாலிருந்து, யாரோ பல்லைக் கடிப்பது போல மறுபடியும்.

"பாக்கியக்கா, கேட்டுச்சா?"

பக்கத்து வீட்டுப் பாக்கியவதி துணைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். ஆட்ரியின் கணவன் ஜார்ஜுக்கு பிம்ப்ரியில் ராத்திரி ஷிஃப்ட். அந்த வருஷம் பூனாவில் விளக்கு வைத்த பிறகு யாரும் கதவைத் திறப்பதில்லை. வீடு புகுந்து குடும்பத்தையே கொன்று போட்டவர்கள் இன்னும் அகப்படவில்லை. தெருவுக்குத் தெரு ஆண்கள் லத்தியோடு ரோந்து சுற்றினார்கள்.

"பின்னாடி பட்டாளம் ஏலத்துல வித்த அந்த டிஸ்போசல் லாரி நிக்குதே, அங்கேருந்துதான் வருது," என்றாள் பாக்கியவதி.

"அதை யாரோ பழைய இரும்புக்கு வாங்கியிருக்காங்களாம். பிரிக்கிறாங்களோ என்னமோ."

"அடி போடி! லாரி பிரிக்கிறவன் போடுற போடுல உன் பாத்திரமெல்லாம் பரண்லேருந்து உருண்டிருக்கும். சத்தம் வெளிய தெரியாம வேலை பாக்கிறவன் எவன்? யோசிச்சுப் பாரு."

ஆட்ரி யோசித்தாள்.

விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து பார்த்தார்கள்.

லாரிக்கு அடியில் ஒருவன். தலையில் துண்டு, முகம் தெரியவில்லை. ஒரு பாட்டிலிலிருந்து எதையோ சொட்டுச் சொட்டாக ஊற்றினான். நீல நெருப்பு ஒன்று உஸ்ஸென்று சீறி அணைந்தது. பிறகு ஒரு மெழுகுவத்தியை எடுத்தான். அதை ஏற்றவில்லை. சூடு காட்டிய இடத்தில் வைத்துத் தேய்த்தான்.

"மாதாவே! மந்திரம் கிந்திரம் பண்றானா?"

அவன் கையில் இப்போது நீளமாக ஒரு இரும்புக் குழாய். அதில் பாதிக்கு மேல் சாக்குத் துணி சுற்றியிருந்தது.

"அடிச்சா சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான் துணி," என்று கிசுகிசுத்தாள் பாக்கியவதி. "நான் முன்பக்கமா போய், ரோந்துல இருக்கிற அவரைக் கூட்டிட்டு வர்றேன். நீ பிள்ளையை விட்டு நகராதே."

அவள் போன அடுத்த நிமிஷம் அவன் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். நேராகச் சுவரோரம் வந்தான். ஆட்ரியின் ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நின்றான். உள்ளே ஆள் இருக்கிறதா என்று வேவு பார்க்கிறான்! குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். ஜெபம் பாதியில் மறந்து போயிற்று.

அவன் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி லாரிப் பக்கம் போய் உட்கார்ந்தான்.

"கோன் ஹை?"

யாரது என்று இந்தியில் அதட்டியது பாக்கியவதியின் கணவர் ஜேசுராஜின் குரல். கூடவே நாலு பேர், நாலு டார்ச். அவன் எழுந்திருப்பதற்குள் ஜேசுராஜின் லத்தி அவன் மணிக்கட்டில் இறங்கியது. அந்தச் சத்தம் ஆட்ரிக்கே கேட்டது. அவன் துண்டை வாயில் கவ்வியபடி மடிந்து உட்கார்ந்தான். கத்தவில்லை.

"பாத்தீங்களா, அடி விழுந்தும் மூச்சு விடல! பழகின ஆளு!" என்றாள் பின்னால் ஓடி வந்த பாக்கியவதி.

"இன்னும் ரெண்டு போடுங்க அவனை!"

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, அத்தனை பேர் முன்னால் கத்தியது தான்தான் என்று ஆட்ரிக்கு அப்புறம்தான் உறைத்தது. தோளில் குழந்தை சிணுங்கியது. அடிபட்டவன் சட்டென்று அந்தப் பக்கம் பார்த்தான்.

"மெள்ளப் பேசுங்கம்மா," என்றான். தமிழில்.

ஜேசுராஜின் லத்தி பாதியில் நின்றது. "யாருய்யா நீ?"

"அலி அக்பர். ஊரு மேலப்பாளையம். இந்த லாரிய வாங்கினவன் நாந்தான், அண்ணாச்சி. நாளைக் காலைக்குள்ள பிரிச்சு எடுக்கலேன்னா லாரியே கெடையாதுன்னுட்டாவ வித்தவுக."

டார்ச் வெளிச்சத்தில் ஒரு டால்டா டப்பா தெரிந்தது. அது நிறையத் துருப்பிடித்த போல்ட்டுகள். லாரியில் இன்னும் நாலு பாக்கி.

"சரி, பிரிக்கிறவன் எல்லாரையும் போல அடிச்சுப் பிரிக்கிறதுதானே? திருட்டுப்பய மாதிரி என்ன மெழுகுவத்தி, என்ன துணி?"

"மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு, சூடு காட்டி மெழுக வச்சா, அது உருகி மரைக்குள்ள இறங்கும் அண்ணாச்சி. மொதல்ல ஒரு நூலு அளவு இறுக்கணும். அப்புறம் ஸ்பேனர்ல குழாய மாட்டித் தளத்தினா தன்னால வரும். குழாய் நழுவி இரும்புல பட்டா சத்தம் வரும்லா, அதுக்குத்தான் துணி. என்ன, ஒரு போல்ட்டுக்கு ஒரு மணி நேரம் ஆவும்."

"சுத்தியல் இல்லையா உங்கிட்ட?"

"இருக்கே." இடது கையால் பையைத் திறந்து காட்டினார். நல்ல கனமான சுத்தியல். "முந்தாநாளு ஒரே ஒரு போடு போட்டேன். உள்ள பச்சப்புள்ள வீறிட்டுது. திரும்பத் தூங்க வைக்க அந்தத் தாயி பட்ட பாடு இங்க வரைக்கும் கேட்டுது. அதுக்கப்புறம் அதத் தொடல. அப்பப்போ சுவரோரம் வந்து, புள்ள தூங்குதான்னு கேட்டுக்கிடுவேன்."



ஜேசுராஜ் லத்தியைக் கீழே போட்டார். மீதி நாலு போல்ட்டையும் பார்த்தார், சுத்தியலையும் பார்த்தார். பிறகு குனிந்து, துணி சுற்றிய குழாயை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் நுழைந்தார்.

ஆட்ரி நகரவில்லை. 'சாரி' என்பது கான்வென்டில் நாளைக்குப் பத்துத் தடவை சொன்ன வார்த்தைதான். இப்போது அது வரவில்லை.

"வாடைக்காத்து அடிக்கி. புள்ளைய உள்ள கொண்டு போங்கம்மா," என்றார் அலி அக்பர், வீங்கிய மணிக்கட்டைப் பிடித்தபடி. "கதவத் தாப்பா போட்டுக்கிடுங்க. காலம் கெட்டுக் கெடக்கு."

தினமும் படாரென்று தள்ளுகிற தாழ்ப்பாளை, ஆட்ரி அன்றைக்கு நூல் நூலாக, சத்தமே வராமல் தள்ளினாள்.