என்ஜின் இல்லாத ஜீப்பின் டயர்கள்

மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் டயர் கேட்டு ராக்காயி அக்கா ஹட்டனில் எங்கள் டயர் கடைக்கு வந்தார். போன மாரிக்காலத்தில் அவர் கணவர் ஆண்டியப்பன் ஒரு பிரசவக்காரியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ஜீப், மொட்டை டயர் வழுக்கி வளைவில் பள்ளத்தில் விழுந்தது. இருவரும் பிழைக்கவில்லை.

"என்ஜினக் கழட்டி வித்தாச்சு. அந்த ஜீப்புக்கு எதுக்குக்கா புது டயரு?"

"பழசுல வளைவத் தாண்ட முடியல தம்பி. தெனமும் ராத்திரி கெளம்பி, பாதியில திரும்பி வர்றாரு. நல்லாப் பிடிக்கிறதா குடு."

இருந்ததிலேயே தடித்ததாக நான்கு எடுத்தார். பள்ளத்திலிருந்து தூக்கி வந்து தோட்டத்து லய வீடுகளின் கோடியில் நிறுத்தியிருந்த ஜீப்பில் நானே பூட்டினேன்.

மறுநாள் நட்டுகளை இறுக்கிப் பார்க்கப் போனேன். டயர் வெட்டுகளில் ஆஸ்பத்திரி வாசலின் வெள்ளைச் சல்லிக்கல் சிக்கியிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது.

"அந்தப் புள்ளத்தாச்சிய எறக்கி விட்டுட்டாரு போல," என்று அக்கா கதவைச் சாத்தினார். "உசுரோட இருக்கையிலயும் கதவச் சாத்தவே மாட்டாரு."