முன்சீட்டு மௌனம்

நேற்றைய சண்டைக்குப் பிறகு நானும் மனைவியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கடலோரச் சாலையில் கார் ஓடியது. பின்சீட்டில், எங்கள் அபார்ட்மெண்ட் வாசலிலேயே பெட்டியோடு ஏறிக்கொண்ட தம்பதி.

"ஏசியக் கூட்டுங்க. அந்தப் பாலத்துக்கிட்ட நிறுத்துங்க, போட்டோ எடுக்கணும்."

நிறுத்தினேன். அவர்கள் இறங்கியதும் மனைவி வெடித்தாள்.

"உங்க சிநேகிதருக்கு என்ன அதிகாரம்! வாயத் தொறந்து கேட்க மாட்டீங்களா?"

"என் சிநேகிதரா? உன் சிநேகிதி குடும்பம்னுதானே பொறுத்துக்கிட்டு ஓட்டறேன்!"

"எனக்கு அவ யாருன்னே தெரியாது!"

வெளியே அந்த ஆள் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நீ சொன்ன மாதிரியே உன் அபார்ட்மெண்ட் வாசல்ல வாடகைக் கார் ரெடியா நின்னுது. வண்டி பிரமாதம். டிரைவர்தான் பொண்டாட்டியையும் ஏத்திக்கிட்டு வந்திருக்கான். ரெண்டும் உர்ருன்னு வருதுங்க!"