மூன்று வரி நன்றி

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒருத்தி மேடையேறித் தானம் வாங்கிய கதையைச் சொல்கிறேன். கேட்டு முடிக்கும்போது கொஞ்சம் கோபம் வரும். வரட்டும்.

“மைக்கைப் பிடிச்சதும் லேசா அழுதீங்கன்னா நல்லா இருக்கும்மா,” என்றார் அறக்கட்டளை அலுவலர்.

“எதுக்கு சார் அழணும்? மெஷின்தானே குடுக்கறீங்க, யாராவது போய்ட்டாங்களா?”

இப்படிக் கேட்டவளுக்கு ஊசி என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட வேலை பார்த்த பெண்கள் வைத்தது. அவள் தையலும் நேராகப் போகும், பேச்சும் நேராகப் போய்க் குத்தும்.

விழா மண்டபத்தின் பின்னறையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. தையல் மெஷின் வாங்க வந்த பதினேழு பெண்கள், தோளில் எண் அட்டை குத்திக்கொண்டு சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஊசிக்கு முதல் எண்.

“போன தடவை ஒரு அம்மா பொலபொலன்னு அழுதாங்க பாருங்க, சபையே உருகிப்போச்சு. அந்தப் படத்தைத்தான் எங்க காலண்டர்ல போட்டோம்.”

“காலண்டர் மாட்ட அவங்க வீட்டுல ஆணி இருந்துச்சா சார்?”

துணைக்கு வந்திருந்த நாத்தனார் அவள் தொடையில் கிள்ளினாள். “அண்ணி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. ஒரு வருஷமா கைத்தையல் போட்டுப் போட்டுக் கண்ணு கோவைப்பழமாகிப் போச்சு. கிடைக்கிற மெஷினையும் பேசியே துரத்திடாதீங்க.”

நாத்தனார் சொன்னதில் தப்பில்லை. பதினாலு வருடம் ஒரு சட்டைக் கம்பெனியில் தைத்தவள் ஊசி. முதலாளி முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை, எல்லாம் சூப்பர்வைசரோடுதான். போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் கேட்டில் சங்கிலி. உள்ளே நின்றபடியே சூப்பர்வைசர் சொன்னான்: “முதலாளி எல்லாத்தையும் வித்துட்டார். மெஷின்கூட இல்ல. உங்களுக்குக் குடுக்க உள்ளே ஒரு குண்டூசி கிடையாது, போங்க.” நூற்றறுபது பெண்கள் சாப்பாட்டுப் பையோடு தெருவில் நின்றார்கள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பட்டன் கட்டுவதும் ஓரம் மடிப்பதும்தான் பிழைப்பு. மெஷின் ஒரு மணி நேரத்தில் முடிப்பதற்குக் கைக்கு ஒரு நாள் ஆகிறது. இப்படியே போனால் பத்தாவது படிக்கிற மகளையும் அடுத்த மாதம் பள்ளியிலிருந்து நிறுத்திக் கடைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அலுவலர் ஒரு தாளை நீட்டினார். “மூணே வரி. அறக்கட்டளை நடத்துற எங்க ஐயா முன்னாடி இதை அப்படியே சொல்லிடுங்க.”

ஊசி எழுத்துக்கூட்டிப் படித்தாள். “ஐயா எங்கள் தெய்வம். காலம் எங்களைக் கைவிட்டது, ஐயா கைதூக்கி விட்டார். இந்த மெஷின் எனக்கு மறுபிறவி.” நிமிர்ந்தாள். “காலம் எங்கே சார் கைவிட்டுச்சு? கம்பெனிக்காரன்ல கைவிட்டான்.”

“அதையெல்லாம் மேடையில சொல்லாதீங்க. நல்ல நாள் அதுவுமா எதுக்கு? காலம்னே சொல்லுங்க.” அவர் சிரிப்பு சற்றுக் கோணியது. “முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. பதினெட்டாவதா ஒரு அம்மா வெளியே காத்திருக்காங்க.”

ஊசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுக்கிற கை இன்னும் நீளவே இல்லை, கும்பிடுகிற கை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று அதற்குள் அளவெடுக்கிறார்களே. ஆனால் மகளின் முகம் குறுக்கே வந்து நின்றது. விழுங்கிக்கொண்டாள்.

“மூணு வரியும் சொல்றேன் சார். அழுகை மட்டும் வராது, அது என் கையில இல்ல. மெஷின் எந்தக் கடையில வாங்கினது? ஓட்டிப் பார்த்து வாங்கினீங்களா?”

“ஐயா கடையில வாங்கிக் குடுக்கிறவர் இல்லம்மா. தன் சொந்தப் பொருளைத்தான் எடுத்துக் குடுப்பார். அதுதான் அவர் பெருமையே.”

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் பதினேழு மேசைகள், எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளைத் துணி. ஐயாவை ஊசி அன்றுதான் பார்த்தாள். நரைத்த தலை, மெத்தென்ற கைகள். அவர் முதல் துணியை உருவினார். நீலப் பெயின்ட் பளபளக்க, சட்டைக் கம்பெனிகளில் ஓடுகிற மாதிரி ஒரு பெரிய மெஷின். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

“அம்மா, உட்கார்ந்து தைக்கிற மாதிரி ஒரு போஸ்,” என்றார் போட்டோக்காரர்.

உட்கார்ந்தாள். பதினாலு வருடப் பழக்கம், வலது முழங்கால் தானாகவே பக்கவாட்டில் போயிற்று. துணியை நகர்த்த, அதை அழுத்திப் பிடிக்கிற ஊசிப்பாதத்தைத் தூக்க வேண்டுமே, அதற்கு மேசைக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும், முழங்காலால் தள்ள வேண்டும். தட்டில் முழங்கால் பட்டது. முழங்காலை எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து அடியில் பார்த்தாள்.

நிமிர்ந்தபோது கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

மேடையோரம் நின்ற அலுவலருக்குக் கால் தரையில் பாவவில்லை. “எடு, எடு,” என்று போட்டோக்காரருக்குச் சைகை காட்டினார்.

“அழாதீங்கம்மா, சந்தோஷமா வாங்கிக்குங்க,” என்றார் ஐயா கனிவாக.

ஊசி எழுந்தாள். மூன்று வரித் தாளை நான்காக மடித்து மெஷின்மேல் வைத்துவிட்டு மைக்கைக் கையில் வாங்கினாள்.

“ஐயா, பெயின்ட் அடிச்ச உங்க ஆளு கீழே குனிஞ்சு பார்க்கலை. முழங்காலு உறுத்தாம இருக்க அந்தத் தட்டுல நான் சுத்தின மஞ்சள் துணி, என் பொண்ணோட ஒரு வயசுக் கவுன், இன்னும் அப்படியே இருக்கு. எல்லாம் வித்தாச்சு, உள்ளே குண்டூசிகூட இல்லைன்னு எங்களை வாசலோட அனுப்பின முதலாளி நீங்கதானா?”

உங்கள் வீட்டு வாசலுக்கு வருவதெல்லாம் உரிமையோடு வரட்டும், கண்ணுகளா. உங்கள் பிள்ளைகள் யார் முன்னாலும் மூன்று வரி மனப்பாடம் செய்யாமல் வாழட்டும்.