கடைசி மெழுகுவர்த்தி

"போனைக் கொடு, கவுனை வாங்கிக்கோ" என்றாள் கவுன் அறை அம்மா.

அந்தக் கல்லூரியில் அப்படித்தான். பட்டம் வாங்கி, கவுனைத் திருப்பிக் கொடுத்தால்தான் போன் கைக்கு வரும். அவள் கண்டிப்பைத் தாங்கமுடியாமல் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சட்டாம்பிள்ளை.

"அப்பா பஸ்ல வந்துட்டிருக்காரும்மா. ஒரே ஒரு தடவை பேசிக்கிறேனே. வரிசையில நான் மூணாவது ஆளு."

"எல்லாருக்கும்தான் அப்பா வர்றாங்க. நகரு, நகரு."

பட்டம் வாங்க வந்தவளுக்கு இருப்பதே அப்பா மட்டும்தான். அவர் பார்க்காவிட்டால் இந்தப் பட்டம் எதற்கு?

அவள் வாசலைத் தாண்டும்போது பின்னால் ஏதோ ஒரு போன் அடித்தது.

பிரார்த்தனை அறையில் பெரிய விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு, வாயைத் திறக்காமல் மேடைவரை நடக்க வேண்டும். வழியில் அணைந்தால் திரும்பிப் போய் ஏற்றி, வரிசையில் கடைசியாக நிற்க வேண்டும். அணைந்தால் ஆகாது என்றொரு பேச்சும் உண்டு.

திரை போட்ட வராந்தாவில் நூறு சுடர்கள் மெல்ல நகர்ந்தன. எங்கிருந்தோ பாட்டு வந்தது. நடக்கிறோமா மிதக்கிறோமா என்றே அவளுக்குத் தெரியவில்லை. இல்லாத அம்மாகூட பக்கத்தில் வருகிற மாதிரி இருந்தது.

சட்டாம்பிள்ளை எதிரே வந்தாள். இவள் காலரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தாள்.

உஃப்.

ஊதியே அணைத்துவிட்டாள், பாவி.

"ஏம்மா..."

சட்டாம்பிள்ளை உதட்டில் விரலை வைத்தாள். பின்னால் போ என்று கையைக் காட்டினாள். இருபது வருஷமாக ஒரு சுடர் அணையாமல் காவல் காத்தவளாம், பெருமைக்குக் குறைச்சலில்லை.

போன் கேட்டதற்கா இவ்வளவு வன்மம்? அழுதுகொண்டே ஏற்றினாள், அழுதுகொண்டே கடைசியில் போய் நின்றாள். நீ நல்லா இருப்பியா என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

ஒருவழியாக மேடை ஏறினாள். காலையில் கைக்குட்டை போட்டுப் பிடித்துவைத்த நாற்காலிக்கு முன்னால், சட்டையெல்லாம் வியர்வையாக, மூச்சு வாங்க நின்று கைதட்டிக்கொண்டிருந்தார் அப்பா. அந்த ஒரு சத்தம்தான் அவள் காதில் விழுந்தது.

கவுனைத் திருப்பிக் கொடுத்தபோது சட்டாம்பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போனை மட்டும் நீட்டினாள். இவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எப்பப்பா வந்தீங்க?"

"நீ ஏறுறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாலதாம்மா. பஸ் பாதி வழியில நின்னுபோச்சு. உன் போனுக்கு அடிச்சேன், யாரோ ஒரு அம்மா எடுத்தாங்க. 'எம் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க, அழுதுடுவா'ன்னு சொன்னேன்."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா, நீ மூணாவதுன்னுதானே சொன்னே? அப்புறம் எப்படி அந்தம்மா, 'பதறாம வாங்க, உங்க பொண்ணு கடைசியாதான் வருவா'ன்னு அப்பவே சொன்னாங்க?"