மூணு எழுத்து பாக்கி

"இதுல யாரும்மா டீச்சரு?"

பாயில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் காதோரம் குனிந்து கேட்டாள் மாரீஸ்வரி. மடியில் கைக்குழந்தையோடு இருந்த அந்தப் பெண் பலகைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"இப்ப ஹனீப் அண்ணன்தான், பெரியம்மா."

பலகைக்கு முன்னால் தாடிக்காரர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க 'அ' எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் சாக்பீஸை இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமியிடம் கொடுத்துவிட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தார். சிறுமி பாடம் நடத்த, தாடிக்காரர் கைகட்டிக் கேட்டார். மாரீஸ்வரிக்குத் தலை சுற்றியது.

தாராவியில் ஒரு தையல் கடைக்கு மேலே, இரண்டே அறைகளில் நடந்தது அந்தப் பள்ளிக்கூடம். எழுதப் படிக்க ஆசைப்படுகிற யாரும் எந்த வயதிலும் வந்து உட்காரலாம். மாரீஸ்வரிக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. ஏனென்றால் நெருளிலிருந்து ரயில் மாறி அவள் வந்தது படிப்பதற்கு அல்ல, பெண் பார்க்க.

மகன் மகேஷ்குமாருக்குத் தரகர் சொல்லியிருக்கும் செண்பகவல்லி இங்கேதான் டீச்சர். பூவும் பழமுமாக முறைப்படி போனால், பெண் தலையைக் குனிந்துகொண்டு காபி கொடுப்பாள். அதில் குணம் எங்கே தெரியும்? திருட்டுத்தனமாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டாள். தரகர் காட்டிய போட்டோவும் உதவவில்லை. பார்லர்க்காரி பூசிய பூச்சுக்குள்ளே இருப்பது யார் என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

"நீயும் இங்க புதுசா?" என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள்.

"தெனமும் புதுசாத்தான் இருக்கு, பெரியம்மா."

அவளுடைய வலது கையைக் குழந்தை பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது. இடது கையால் சிலேட்டில் கோணல்மாணலாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பாவம், பிள்ளை பெற்ற பிறகு படிக்க வந்திருக்கிறாள், இவளும் நம்மை மாதிரிதான் என்று மாரீஸ்வரிக்கு அவள்மேல் ஒரு ஒட்டுதல் வந்தது.

அடுத்து இஸ்திரி போட்ட சுடிதாரில் ஒருத்தி பலகைக்குப் போனாள். கணீர்க் குரல். முன்வரிசையில் ஒரு கிழவர் தப்பாகச் சொன்னபோதுகூட அவள் முகம் சுளிக்கவில்லை.

"பரோபர், சரிதான் தாத்தா, கிட்ட வந்துட்டீங்க! இன்னொரு தடவை!"

மாரீஸ்வரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்! நான் சொல்லுதத யார்ட்டயும் சொல்லிராத. நான் ஒண்ணும் படிக்க வரல. எம் மவனுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்கேன். அந்தா நிக்காள்லா, அந்த டீச்சரத்தான்!"

சிலேட்டில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது.

"உங்க மகன் என்ன செய்தாவ?"

"மகேஷ்குமாரா? குர்லாவுல ஏசி மெக்கானிக். தங்கமான பய. முப்பத்தஞ்சு ஆவப் போவுது, ஒண்ணும் கூடி வரமாட்டேங்கு. இதுவும் தட்டிப் போச்சுன்னா எனக்குத் தாங்காது."

"பொண்ணு புடிச்சிருக்கா?"

"ரொம்ப. ஆனா கல்யாணம் முடிஞ்ச கையோட இந்த வேலைய விடச் சொல்லிருவேன்."

"ஏன் பெரியம்மா?"

மாரீஸ்வரி ஒரு தடவை சுற்றுமுற்றும் பார்த்தாள். முந்தானையை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் பேங்க்ல கைநாட்டு வைக்கவ. ஊருக்கெல்லாம் எழுத்து சொல்லிக் குடுக்கவ வீட்டுக்கு வந்தா, என்னைய ஒரு மனுசியா மதிப்பாளா? பயமா இருக்கும்மா."

பெற்ற மகனிடம்கூடச் சொல்லாததை முன்பின் தெரியாதவளிடம் கொட்டிவிட்டோமே என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அந்தப் பெண் குழந்தையின் வாயிலிருந்து வலது கையை விடுவித்துக்கொண்டாள். பிறகு சிலேட்டை அழித்தாள்.

"உங்க பேரு என்ன?"

"மாரீஸ்வரி."

அவள் 'மா' என்று எழுதிக் காட்டினாள். மாரீஸ்வரியின் விரல்களுக்குள் குச்சியை வைத்து, கையைப் பிடித்து எழுத வைத்தாள். நாலைந்து தடவைக்குப் பிறகு கையை விட்டுவிட்டாள். மாரீஸ்வரி தானாகவே எழுதினாள். அடுத்து 'ரீ'. அதன் சுழி அடங்காமல் சிலேட்டின் ஓரம் வரை ஓடியது.

"இது நானா?" என்று சின்னப் பிள்ளை போலச் சிரித்தாள். வந்த வேலையே மறந்துவிட்டது.

மணி அடித்தபோதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ச் சுடிதார்ப் பெண்ணின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மகேஷ்குமாரோட அம்மா. தரகர் சொல்லியிருப்பாருல்லா? எனக்கு உன்னைய ரொம்பப் புடிச்சிருக்கு, செண்பகவல்லி!"

அவள் திருதிருவென்று விழித்தாள்.

"நான் ஷாலினி, ஆன்ட்டி! மராத்தி மீடியம் படிச்சவ. போன மாசம் வரைக்கும் எனக்கும் தமிழ் எழுத வராது. இங்க ஒரு பாடத்தைக் கத்துக்கிட்டவங்கதான் அதை அடுத்தவங்களுக்கு எடுக்கணும். டீச்சர் பாயில உக்காந்து கேப்பாங்க."

மாரீஸ்வரி மெல்லத் திரும்பினாள். அடுத்த அறையில் வகுப்பு முடிந்து வந்த ஒருத்தி, பாயில் இருந்தவளின் மடியிலிருந்து தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"ரொம்பப் படுத்திட்டானா டீச்சர்?"

மடி காலியானவள் எழுந்து வந்தாள். இரண்டெழுத்து எழுதிய சிலேட்டை அழிக்காமல் அப்படியே மாரீஸ்வரியிடம் நீட்டினாள்.

"உங்க பேர்ல இன்னும் மூணு எழுத்து பாக்கி இருக்கு. அது முடியுத வரைக்கும் நான் வேலைய விட முடியாதே, அத்தை!"