வாசலில் மரக்காலணிகள்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை, எங்கள் அருங்காட்சியக வாசலில் ஹாலந்து மரக்காலணிகள் ஜோடியாகக் கிடந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டியவை. பெட்டியின் பூட்டு உடையவில்லை. மறுசாவி வாட்ச்மேன் செழியனிடம் இருந்தது.

“நான் எடுக்கல மேடம். கிரிவலம் போறவங்கதான் செருப்ப இப்படி வுட்டுட்டுப் போவாங்க” என்றான்.

நான் நம்பவில்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவனை வேலையை விட்டு நிறுத்தினேன்.

அடுத்த பௌர்ணமியன்று இரண்டு சாவிகளையும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன். காலையில் வந்து பார்த்தால், காலணிகள் மறுபடி வாசலில். திருட்டுப்பயல், கள்ளச்சாவி செய்து வைத்திருக்கிறான்.

காலணிகளை உள்ளே வைக்க, முழ உயரமே உள்ள அந்தப் பெட்டியைத் திறந்தேன். விரித்திருந்த வெள்ளைத் துணியில் இரண்டு வெறுங்கால் தடங்கள், மலையைப் பார்த்தபடி. செம்மண் இன்னும் காயவில்லை.